அரிக்கமேட்டுப் பாசிமணியும் அப்பாவின் கேள்வியும்

கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஆறு தாள்கள். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறார். அப்பா முந்திரிக் கம்பெனியில் மேஸ்திரி. அம்மா அதே இடத்தில் பருப்புக்குத் தோல் உரிக்கிறார். தம்பி எட்டாம் வகுப்பு. தாய்மாமன் வீடு புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பத்தில். சின்ன வயதிலிருந்தே லீவுக்கு அங்கே போனால் பக்கத்திலிருக்கும் அரிக்கமேடு என்ற பழைய துறைமுக மேட்டுக்கு மாமா கூட்டிப்போவார். மழை பெய்த மறுநாள் ஆற்றங்கரைச் சரிவில் பாசிமணி கிடக்கும். அப்படிப் பொறுக்கியதில் 11 மணிகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. அங்கே நிற்கும் உடைந்த செங்கல் சுவரைக் காட்டி, "ரோமாபுரிக்காரன் கட்டினது" என்று மாமா சொன்ன நாளிலிருந்து இந்தப் படிப்பின் மேல் ஆசை.

"வரலாற்றையும் தொல்லியலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 'இப்ப ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம்னு விதி வந்திடுச்சு, ரெகுலர்ல வரலாறு, தபால்ல தொல்லியல் போடு, மூணு வருஷத்துல ரெண்டு சர்டிபிகேட்' என்கிறார் மாமா. அப்பாவோ, 'செத்துப் போனவங்களப் பத்திப் படிச்சா உசுரோட இருக்கிறவன் எவன் சம்பளம் குடுப்பான்? பி.காம். சேரு, பேங்க் பரீட்சை எழுது' என்கிறார். எனக்கு வரலாறு மனப்பாடம் வராது, வருஷமெல்லாம் மறந்துவிடும். தொல்லியலில் அந்தத் தொல்லை இல்லை, தோண்டினால் உண்மை அப்படியே கிடைத்துவிடும். வணிகவியல் படித்தவளைச் சேர்ப்பார்களா? பெண்கள் அகழாய்வுக் குழியில் வேலை செய்ய விடுவார்களா? அப்பாவிடம் என்ன சொல்வது?"

மகளே, உன்னை 'நீங்கள்' போட்டு எழுத ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே கை மக்கர் செய்தது. முப்பது வருஷத்துக்கு மேல் உன் வயதுப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்றபின் மேற்படிப்பு ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பவள் நான். 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ வரிசையாகக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் இருக்கிறது. ஆனால் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, 'தோண்டினால் உண்மை அப்படியே கிடைத்துவிடும்' என்று, அதை முதலில் பேசிவிடலாம். உனக்குத் தெரிந்த அரிக்கமேட்டை வைத்தே பேசுவோம்.

புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய், 1930களில் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிக் கொண்டுவந்த பொருட்களை வாங்கிப் பார்த்துத்தான் அந்த மேட்டின் அருமையைப் புரிந்துகொண்டார். (ஆக, பாசி பொறுக்குவதில் உனக்கு மூத்தவர்கள் உண்டு.) பிறகு 1945இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். குழியில் பளபளப்பான சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்தன. இத்தாலியில் அரெஸோ என்ற ஊரின் பெயரால் அறியப்படும் அரிட்டைன் வகைப் பானை அது. எந்தக் காலத்தில் அது புழக்கத்தில் இருந்தது என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதனால் அந்த ஓடு கிடைத்த மண்ணடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்று அவரால் சொல்ல முடிந்தது. அதே அடுக்கில், உள்பக்கம் புள்ளிப் புள்ளியாக வட்டம் போட்ட ரூலெட்டட் ஓடுகளும் இருந்தன. ஆகவே அவற்றுக்கும் தேதி கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்துக் கர்நாடகத்தில் பிரம்மகிரியில் தோண்டியபோது அங்கேயும் ரூலெட்டட் ஓடு வந்தது. உடனே அந்த ஊருக்கும் காலம் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு நம்பகமான காலக் கணக்கு கிடைத்த கதை இது.

இதில் மண் தானாகத் தேதி சொல்லியதா என்று பார். இத்தாலியின் வரலாறு தெரிந்த ஒருவர் குழிக்கு மேலே நின்றதால்தான் ஓடு பேசியது. அந்தக் காலத்துக் கிரேக்க மொழிக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ், இந்தக் கரையில் 'பொதுகே' என்றொரு துறைமுகத்தைச் சொல்கிறது. அதை அரிக்கமேட்டோடு பொருத்திப் பார்த்ததும் ஏடு படித்தவர்கள்தான்.

சரி, வரலாறு தெரிந்திருந்தால் போதுமா? போதாது. ரோமானியரைப் பற்றி நிறையத் தெரிந்திருந்ததே வீலரை வேறுபக்கம் இழுத்துவிட்டது. அரிக்கமேட்டை ரோமானிய வணிகத்தால் பிறந்த ஊராகவே அவர் பார்த்தார். ரூலெட்டட் பானையையும் மேற்கிலிருந்து வந்தது என்றே நினைத்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில், பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மறுபடி தோண்டினார்கள். ரோமானியக் கப்பல் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, கப்பல் நின்ற பிறகும் ஊர் நின்றுவிடவில்லை என்று தெரிந்தது. ரூலெட்டட் பானை இந்த நாட்டுச் சரக்கு என்பதும் இன்று ஏற்கப்பட்ட விஷயம். ஏடு சொன்ன கதையை இந்த முறை மண் திருத்தியது.

மாமா காட்டிய செங்கல் சுவரையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அது ரோமாபுரிக்காரன் கட்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிகள் நடத்திய குருமடத்தின் மிச்சம். மாமாவிடம் பக்குவமாகச் சொல்லு. தரைக்கு மேலே நிற்பது இருநூற்றைம்பது வருஷக் கட்டடம், கீழே கிடப்பது இரண்டாயிரம் வருஷ ஊர். எது எது என்று பிரிக்க மிஷன் ஆவணமும் வேண்டும், மண்ணடுக்கு பார்க்கிற கண்ணும் வேண்டும்.

உன் மாவட்டத்திலிருந்தும் ஒன்று சொல்ல ஆசை. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள், அதுதான் பின்னால் செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு விசித்திரமான அளவுகோல் வைத்தார்கள்: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்கே 'குண்டு விழுந்த கிராமங்கள்' என்று ஆங்கிலேயர் பெயர் வைத்துவிட்டார்கள். வரலாற்று மாணவி இந்தப் பத்திரத்தை எடுத்து, எழுதியவன் யார், இதில் யாருக்கு லாபம் என்று கேட்பாள். தொல்லியல் மாணவி வரைபடத்தை விரித்து, அந்தக் காலத்துப் பீரங்கி எவ்வளவு தூரம் எட்டும், எந்த ஊரோடு நின்றிருக்கும், எல்லைக்கல் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கிளம்புவாள். உனக்கு இரண்டு பேருமாக இருக்க ஆசை, எனக்குப் புரிகிறது. வருஷம் மறப்பதைப் பெரிய குறையாக நினைக்காதே, எனக்கும் மறக்கும். எந்த ஆதாரத்தை எவ்வளவு நம்பலாம் என்று பழகுவதுதான் படிப்பு. மனப்பாடத்துக்குப் பள்ளிக்கூடத்தோடு முக்கால்வாசி விடுதலை.

மாமா சொல்லும் இரட்டைப் பட்டம்

மாமா சொல்வதில் பாதி சரி. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அப்படி ஒரு நெறிமுறை வெளியிட்டது. வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டு படிப்புகளையும் நேரில் போயே படிக்கலாம். ஒன்று நேரிலும் இன்னொன்று தொலைநிலையிலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே தொலைநிலை என்றாலும் சரிதான். ஆனால் அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் விதியில் இதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். தொலைநிலைப் படிப்புக்கு மானியக் குழுவின் அங்கீகாரமும் இருக்க வேண்டும்.

உன் விஷயத்தில் இது தேவையே இல்லை என்பது என் கருத்து. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இளங்கலை மட்டத்தில் தொல்லியல் பெரும்பாலும் பி.ஏ. வரலாற்றுக்குள்ளேயே ஒரு தாளாக வரும். தனிக் கிளையாகப் பிரிவது முதுகலையில்தான். (பரோடாவில் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் இளங்கலையிலேயே தொல்லியல் உண்டு. ஆனால் பண்ருட்டியிலிருந்து பரோடாவுக்கு அனுப்ப உன் அப்பாவைச் சம்மதிக்க வைக்கும் தைரியம் எனக்கில்லை.) தவிர, தொல்லியலில் பாதிப் படிப்பு விரலில் இருக்கிறது. ஓட்டின் விளிம்பைத் தடவி, இது கிண்ணமா சாடியா, சக்கரத்தில் வனைந்ததா கையால் பிடித்ததா என்று சொல்லப் பழக வேண்டும். தபாலில் வரும் புத்தகத்தைத் தடவி இதைக் கற்றுக்கொள்ள முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. மூன்று மாதத்தில் தொல்லியலாளர் ஆக்குகிறோம் என்று பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆர்வத்துக்குக் கேட்டுக்கொள், தப்பில்லை. அந்தத் தாளை வைத்து எந்த அரசு வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாது.

எங்கே சேருவது

பி.ஏ. வரலாற்றுக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்திருந்தாலும் சரி, வணிகவியல் தடையே இல்லை. தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுப் பல கல்லூரிகளைக் கேட்கலாம். உன் மாவட்டத்திலேயே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே வரலாற்றுத் துறை உண்டு. புதுச்சேரி அரசுக் கல்லூரிகளுக்குச் சேர்க்கை 'சென்டாக்' வழியாக நடக்கிறது. முன்னுரிமை புதுச்சேரியில் குடியிருப்புச் சான்று உள்ளவர்களுக்கு. மாமா வீட்டு முகவரி உன் சான்று ஆகாது. 'முகவரி மாத்திக் குடுத்திடலாம்' என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. பொய்ச் சான்று வெளியே வந்தால் சேர்ந்த இடமும் போய்விடும். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண் என்பதால், தமிழ்நாட்டில் கல்லூரி சேர்ந்தால் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உனக்கு வரும். என் யோசனை: இளங்கலையை வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் முடி. வீட்டுச் செலவையும் அப்பாவின் கவலையையும் ஒரே சமயத்தில் குறைக்க அதுதான் வழி.

அந்த மூன்று வருஷம் வெறும் பாடப் புத்தகத்தோடு போய்விடக் கூடாது. தமிழ் வழியில் படித்ததை ஒரு குறையாக எழுதியிருந்தாய். கல்வெட்டுப் பக்கம் வந்தால் அதுவே உன் சொத்து. தமிழ்ப் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் என்ற பழைய எழுத்துகள் மூன்றையும் மெதுவாக எழுத்துக்கூட்டிப் பழகு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் பாகூர் இருக்கிறதே, பஸ் ஜன்னலில் எத்தனை முறை பார்த்திருப்பாய்? பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், அந்த ஊரில் இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடு உண்டு. வடமொழியில் பாதி, தமிழில் பாதி. இந்தப் பகுதியில் மேற்படிப்புக்கு 'உதவித்தொகை' கொடுத்ததற்கு எழுத்துச் சான்று! பாகூர் மூலநாதர் கோயில் சுவரிலும் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்று பார். முதல் நாள் ஒன்றும் புரியாது. நாலாவது தடவை, கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மங்கலச் சொல்லான 'ஸ்வஸ்திஸ்ரீ' கண்ணில் படும், அப்புறம் விடாது.

அகழாய்வு பார்க்கக் கீழடிக்குத்தான் போக வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். உன் மாவட்டத்தில் மருங்கூரில் 2024இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அடுத்த ஆண்டுக்கான பட்டியலில் பரங்கிப்பேட்டைப் பக்கத்து மணிக்கொல்லை இருந்தது. பெயரிலேயே மணி இருக்கிறது பார். அங்கேயும் உன் பாசிமணியின் உறவுக்காரர்கள்தான்.

முதுகலைக்கு வரும்போது பாதை பிரிகிறது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொல்வரலாறு மற்றும் தொல்லியல் துறை, நீ கேட்ட 'இரண்டும் சேர்த்து' என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியலுக்குத் துறை உண்டு. கடல்சார் வரலாற்றுக்கும் தனித்துறை இருக்கிறது. புனேயின் டெக்கான் கல்லூரி நாட்டளவில் பெயர் பெற்றது, எந்தப் பட்டம் முடித்தவரும் அங்கே முதுகலைத் தொல்லியலுக்கு முயலலாம். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு, மத்தியப் பொது நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். எம்.ஏ. முடித்தவர்களுக்குத் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு ஒன்று இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பட்டயப் படிப்பு கிரேட்டர் நொய்டாவில். இரண்டிலும் மாதாமாதம் உதவித்தொகை உண்டு, இடம் மிகக் குறைவு.

எங்கே விண்ணப்பித்தாலும் பாடத்திட்டத்தை வாங்கி, களப்பயிற்சி எத்தனை நாள் என்று முதலில் பார். 'கல்விச் சுற்றுலா' என்று போட்டிருந்தால் அது வேன் பிடித்து மாமல்லபுரம் போய்வருவது. களப்பயிற்சி என்றால் குழியோரம் வாரக்கணக்கில் இருப்பது. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அப்பாவின் கேள்வி

உன் அப்பா கேட்டது கேலி இல்லை. கூலி வருமானத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான். பூசி மெழுகாமல் பதில் சொல்வோம்.

தொல்லியலாளர் என்ற பெயரில் இருக்கும் அரசு வேலைகள் மிகக் குறைவு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தொல்லியல் அலுவலர் பணிக்கு ஆள் எடுப்பது சில வருஷங்களுக்கு ஒருமுறை, அதுவும் ஒரு கை விரல், இரு கை விரல் கணக்கில். அதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் முப்பது வயதுவரை உட்கார நேரலாம். அகழாய்வு இடங்களில் தற்காலிக வேலை கிடைக்கும். ஆனால் அந்தப் பருவம் முடிந்தால் வேலையும் முடியும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அப்பா சொல்லும் பேங்க் பரீட்சைக்கு பி.காம். கட்டாயமில்லை, எந்தப் பட்டம் என்றாலும் எழுதலாம். இது அவருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன், முதலில் இதைச் சொல்லு. குரூப் 2 தேர்வும் அப்படித்தான். அதில் தமிழக வரலாறு, மரபு, பண்பாட்டுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, வரலாறு படித்தவளுக்கு அது தனி உழைப்பு இல்லை. எம்.ஏ.வுக்குப் பிறகு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதலாம். வரலாறு, தொல்லியல் இரண்டும் அதில் தனித்தனிப் பாடங்கள். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்கான மதிப்பெண் வாங்கிவிட்டால், ஆய்வு செய்யும்போது முதலில் மாதம் 37,000 ரூபாய். உயிரோடு இருப்பவர்தான் கொடுக்கிறார் என்று அப்பாவிடம் சொல்லலாம், அவர் சிரிக்கிற மனநிலையில் இருந்தால்.

பள்ளி ஆசிரியர் வேலைதான் உன் வீட்டில் சுலபமாக ஒத்துக்கொள்ளும் இலக்கு என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. இங்கே ஒரு சிக்கலைக் கவனி. மேல்நிலை வகுப்பு வரலாற்று ஆசிரியர் பணிக்கு எம்.ஏ. வரலாறும் பி.எட்.டும் கேட்பார்கள். உன் முதுகலைப் பட்டத்தின் பெயர் 'வரலாறு' என்று இல்லாமல் வேறு மாதிரி இருந்தால், அது இதற்கு இணையானது என்ற அரசாணை இருக்க வேண்டும். என்னிடம் படித்த ஒரு பெண் இதைப் பார்க்காமல் வேறு மாநிலத்தில் ஒரு படிப்பை முடித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று கண்ணீரோடு போன் செய்தாள். பட்டத்தின் பெயரும் இணைத்தன்மை அரசாணையும் சேரும் முன் பார்க்க வேண்டியவை.

ஆக உன் முன் இரண்டு வழி. எம்.ஏ.வையே தொல்லியல் சேர்ந்ததாக எடுப்பது ஒன்று. ஆழம் அதிகம், ஆய்வுக்குப் போக நேர்வழி. எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு அரசின் தொல்லியல் பட்டயப் படிப்புக்கு முயல்வது இன்னொன்று. இரண்டு வருஷம் கூடுதல், ஆனால் ஆசிரியர் வேலைக் கதவு திறந்தே இருக்கும். வீட்டில் வசதி இருக்கிற பிள்ளைக்கு நான் முதல் வழியைச் சொல்வேன். உனக்கு என் ஓட்டு இரண்டாவதற்கு. பி.ஏ. மூன்றாம் வருஷத்தில் உன் மனமும் வீட்டு நிலைமையும் மாறியிருக்கலாம், அப்போது மறுபடி எழுது.

அப்பாவிடம் பேசும்போது 'பி.காம். வேண்டாம்' என்று ஆரம்பிக்காதே. 'பேங்க் பரீட்சையும் எழுதுவேன், இதைப் படித்துக்கொண்டே எழுதுவேன்' என்று ஆரம்பி. சொன்னபடி எழுதவும் வேண்டும், வாய்ப்பேச்சுக்குச் சொல்லாதே. மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப அரசியல், அதில் நான் தலையிட மாட்டேன்.

பெண்கள் குழியில் இறங்கலாமா

அரிக்கமேட்டில் மூன்று வருஷம் அகழாய்வு நடத்தியவர் ஒரு பெண் என்று மேலேயே சொல்லிவிட்டேன். தேபலா மித்ரா என்ற பெண் இந்தியத் தொல்லியல் துறைக்கே தலைமை இயக்குநராக இருந்திருக்கிறார், 1980களின் தொடக்கத்தில். விதி எதுவும் தடுக்கவில்லை.

நடைமுறை வேறு. மாணவியாக நான் முதன்முதலில் ஒரு அகழாய்வுக்குப் போனபோது, மேற்பார்வையாளர் ஒருவர் "பொம்பளப் புள்ளைங்க ஓடு கழுவுங்க, குழிய பசங்க பாத்துப்பாங்க" என்றார். மூன்று வாரம் பிளாஸ்டிக் தொட்டியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து கழுவினோம். கோபம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான ஓடு கையில் புரண்டதில், கறுப்பு-சிவப்பு ஓடு எது, ரூலெட்டட் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு நாங்கள் தேறிவிட்டோம். குழியில் நின்ற பையன்கள் கடைசி வாரம் எங்களிடம் வந்து கேட்டுப் போனார்கள். இதைச் சொல்வதால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது. இன்று அப்படி யாராவது சொன்னால் துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடு. கல்லூரியில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம்.

தங்கும் இடத்தில் கழிப்பறை உண்டா, பெண் ஆசிரியர் கூட வருகிறாரா, பக்கத்தில் மருத்துவமனை எது என்பதைக் கிளம்பும் முன் கேட்பது உன் உரிமை. பங்குனி வெயிலில் ஆறு மணிக்கே வேலை ஆரம்பிக்கும். காலையில் கொத்துக்கரண்டியும் பிரஷ்ஷும், மாலையில் சல்லடையும் நோட்டும். பத்து நாள் தோண்டினால் பல மாதம் வரைந்து, எண் போட்டு, எழுத வேண்டும். புதையல் எதிர்பார்த்து வருகிறவர்கள் ஒரே வாரத்தில் சலித்துப் போய்விடுவார்கள். ஆறு தாள் கடிதம் எழுதுகிற உனக்கு அந்தச் சலிப்பு வராது என்று நினைக்கிறேன்.

அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்

இதைப் பெருமையாக எழுதியிருந்தாய், எனக்குக் கொஞ்சம் பகீர் என்றது. அரிக்கமேடு மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கிருந்து ஒரு மணியைக்கூட எடுத்துப்போக அனுமதி இல்லை, அது தண்டனைக்குரிய குற்றம். சின்னப் பிள்ளையில் தெரியாமல் செய்தது, உன்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் இனி எடுக்காதே. யாருக்கும் கொடுக்காதே, விற்பதைப் பற்றிக் கனவிலும் நினைக்காதே. மாமாவோடு போய், எப்போது எந்தப் பக்கம் பொறுக்கியது என்று ஒரு தாளில் எழுதி, அதோடு சேர்த்துத் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்துவிடு. அப்படியே பாரதி பூங்காப் பக்கம் இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போய் வா. அரிக்கமேட்டுப் பொருட்கள் அங்கே இருக்கின்றன. உன் மணி எந்த வகை என்று நீயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டத்தை விடவும் எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்த 11 மணியில் எது ஆற்றோரம் கிடந்தது, எது மேட்டுப் பக்கம் என்று உனக்கு இன்று நினைவிருக்காது. சிவப்பு மணிக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கழிவு கிடந்திருந்தால், அங்கேயே மணி செய்த பட்டறை இருந்திருக்கலாம். வெறும் மணி மட்டும் கிடந்திருந்தால், யார் கழுத்திலிருந்தோ அறுந்து விழுந்திருக்கலாம். பாட்டிலுக்குள் போனதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

கடைசித் தாளில் உங்கள் ஊர் ஏரிக்கரையில் ஓடு கிடப்பதாகவும் ஒரு வரி இருந்தது. அது பாதுகாக்கப்பட்ட இடம் இல்லைதான். ஆனாலும் தோண்டாதே. தாழி, நாணயம், சிலை என்று ஏதாவது தென்பட்டால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்ல வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணிலிருந்து கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878இலேயே புதையல் சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பத்து ரூபாய் சட்டத்தில் இன்னும் பத்து ரூபாயாகவே இருக்கிறது.

கல்லூரி திறக்க நாள் இருக்கிறது. இப்போதே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. பக்கத்துக்கு ஒரு நாள். படம் வரையத் தெரியாவிட்டாலும் வரை, போனில் எடுத்த படத்துக்கு எண் போடு. முதல் பக்கம் இந்த மாதிரி இருந்தால் போதும்: 'ஏரிக்கரை, தெற்குக் கலங்கலிலிருந்து கிழக்கே நாற்பது தப்படி. மழைக்கு மறுநாள் காலை. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, இரண்டு ஓடுகள். விளிம்பு ஒன்று. படம் எண் 1, 2. எடுக்கவில்லை.'